வரி கட்டிய குழி

கோயமுத்தூர்க் கார் குழிக்குள் விழுந்தபோது இசக்கிமுத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வரிச்சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான். வீட்டு வரி, விளக்கு வரி, கக்கூஸ் வரி என்று இறங்கி, தண்ணீர் வரியில் பாதி வந்திருந்தான். அதற்குள் டமார்.

அடுக்களைக்குள்ளிருந்து அவன் பெண்டாட்டி பேச்சியின் குரல் வந்தது.

"எத்தனை பேரு?"

"டிரைவரோட சேத்து அஞ்சு."

அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உலையில் அரிசி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கார், தண்ணீர் குடிக்கக் குனிந்த எருமை மாதிரி மூக்கைக் குழிக்குள் விட்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதிலிருந்து ஒரு டாக்டர் இறங்கினார். வெள்ளைக் கால்சட்டை, முழங்காலுக்குக் கீழே இப்போது வெள்ளை இல்லை.

"இது ரோடாய்யா, கிணறா?"

"ரோடுன்னுதான் வரி வாங்குதானுவ சார். கிணறுன்னு தெரிஞ்சா அதுக்குத் தனியாக் கேப்பானுவ."

எதிரே இருந்த சுக்குக் கிடங்கான பாண்டிகசாலையில் மூட்டை சுமக்கிற ஆறு பேர் வந்து, கயிறு கட்டி, கெட்ட வார்த்தை சொல்லி, காரை வெளியே இழுத்தார்கள். அச்சு போயிருந்தது. எர்ணாகுளத்திலிருந்து மெக்கானிக் மறுநாள்தான் வருவான். டாக்டர் குடும்பம் ஒன்றாம் நம்பர் அறையிலும் இரண்டாம் நம்பர் அறையிலும் தங்கியது. பேச்சியின் மீன்குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

"பாத்தியா, உன் கைக்குழம்புக்கு வந்து விழுதான் பாரு!" என்றான் இசக்கிமுத்து. "இந்தக் குழி மட்டும் இல்லேன்னு வையி, நம்ம வாசல்ல காரு வரிசையா நிக்கும்."

பேச்சி சட்டியை வழித்தாள்.

இருபத்திரண்டு வருஷம் அதே பாண்டிகசாலையில் சுக்கு மூட்டை சுமந்தவன் இசக்கிமுத்து. ஒரு நாள் கழுத்தில் என்னமோ 'மளுக்' என்றது. அதோடு தலை இடதுபக்கம் மட்டும் திரும்பும் என்று ஆனது. கையிலிருந்ததைப் போட்டு, பேச்சியின் சங்கிலியையும் போட்டு, பாண்டிகசாலைக்கு எதிரே நாலு அறை உள்ள ஒரு பழைய கட்டிடத்தைப் பிடித்தான். 'முத்து விலாஸ்' என்று தமிழிலும் 'ஊணு ரெடி' என்று மலையாளத்திலும் பலகை எழுதினான். மூட்டை தூக்கும் கொக்கியைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டினான். இனி அதைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

தோப்பும்படிப் பாலம் தாண்டிக் கொச்சி ராஜாவின் பழைய அரண்மனையான கொட்டாரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்தத் தெருதான் வழி. வெளியூர்க்காரர்கள் வந்து போகிற இடம் என்று சொல்லியே அந்தத் தெருவுக்கு வரியை ஏற்றியிருந்தார்கள். ஏற்றின வரிக்குக் கிடைத்தது என்ன? விளக்குக் கம்பம் இருந்தது. அதில் கழுதை கட்டுவார்கள். குழாய் இருந்தது, அதில் காக்கை உட்காரும். குடிக்கிற தண்ணீர் படகில் வந்து, குடம் குடமாக விலைக்குப் போனது. ரோடு இருந்தது, அதில் குழி இருந்தது.

"கொட்டாரம் இங்க. கடல் இங்க. வெள்ளைக்காரன் படம் புடிக்க வாரது இங்க. வரி கட்டுதவனும் இங்க. தாரு மட்டும் எர்ணாகுளத்துல!" என்று சாயா குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவன் குரலே ஒரு மாதிரி மேடைக்குரலாகிவிட்டது.

டாக்டர் போன மறுநாள் முடிவு கட்டினான்.

"ஏட்டி, மம்பட்டி எங்க?"

"பிச்சை வாங்கிட்டுப் போனான்."

பிச்சை பள்ளுருத்திக்காரன். வெள்ளிக்கிழமை தோறும் விடியும் முன்பே வந்து விறகு வெட்டிவிட்டு, பின்வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டிக் கப்பைக் கிழங்கும் மீனும் காலி பண்ணுவான்.

"ஒரு கட்டு விறகுக்கு ஒரு சட்டிக் கப்பையா? அவன் வெட்டுததை விடத் திங்கது அதிகமால்ல இருக்கு."

"வெட்டுதவனுக்கு வயிறு இருக்காதா? நீங்க சும்மா இருங்க. குழி அதுபாட்டுக்குக் கெடக்கட்டும், நமக்கு நல்லாத்தான ஓடுது."

அவன் கேட்கவில்லை. பாண்டிகசாலையிலிருந்து கூடை வாங்கி, உடைந்த ஓடும் செங்கல்லும் சுமந்து, ஒரு பகல் முழுக்கக் கொட்டினான். மேலே ஏறிக் குதித்து மிதித்தான். மூன்றாவது குதியில் கழுத்து மறுபடியும் 'மளுக்'. நாலு நாள் தைலம் தேய்த்துப் பாயில் கிடந்தான். வெள்ளிக்கிழமை காலையில் சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்தால், குழி திறந்து கிடந்தது. முன்னைவிட ஒரு சாண் ஆழம்.

"ஏத்தத் தண்ணி அண்ணாச்சி," என்றான் பிச்சை, கப்பையை மென்றுகொண்டே. "காயல்ல தண்ணி ஏறும்போது அடியால வந்து மண்ணத் தின்னுட்டுப் போயிரும். நாம ஒண்ணும் பண்ண முடியாது. பெரிய இடத்துலதான் பாக்கணும்."

இசக்கிமுத்து பெரிய இடத்துக்குப் போனான். வார்டு ஆபீசில் குமாஸ்தா அனந்தநாராயணன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பாலக்காட்டுக்காரர், மூன்று தலைமுறையாகக் கொச்சி.

"என்ன ஓய் வேணும்?"

"குழி சாமி. எங்க வாசல்ல."

"எந்தக் குழி? ரிஜிஸ்டர்ல உம்ம தெருவிலே குழியே கிடையாதே."

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? நானே என் கையால நாப்பது கூடை போட்டு மூடினேன் சாமி."

அனந்தநாராயணன் பேனாவைத் திறந்தார். இசக்கிமுத்துவுக்குச் சந்தோஷம். கடைசியில் ஒருத்தர் எழுதுகிறார்.

"அனுமதி இல்லாமப் பொது ரோட்டிலே நாப்பது கூடை கழிவு கொட்டினதா நீரே ஒப்புண்டாச்சு. இந்தாரும் நோட்டீஸ்."

"சாமி, குழிய மூடினதுக்கா?"

"குழியானாலும் அது நகரசபைச் சொத்தாக்கும். நாளைக்கு நான் உம்ம ஹோட்டல்ல வந்து தோசைக்கல்லைக் கவுத்துப் போட்டா நீர் சம்மதிப்பீரா?"

வீட்டுக்கு வந்த இசக்கிமுத்து, ரோடு போடும்வரை வரி கட்டுவதில்லை என்று அறிவித்தான். தெருவே கை தட்டியது. அப்படிக் கை தட்டினவர்கள் எல்லாம் அந்த வாரமே போய்த் தங்கள் வரியைக் கட்டிவிட்டு வந்தார்கள். இவன் ஒருத்தன் மட்டும் நின்றான்.

அடுத்த மாசம் ஜப்தி வந்தது. அனந்தநாராயணன் குடை பிடித்துக்கொண்டு நிற்க, இரண்டு சேவகர்கள் நாலு கட்டிலையும் கைவண்டியில் ஏற்றினார்கள். மூன்றாம் நம்பர் அறையில் ஒரு மதுரைக்காரர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பாயோடு தரைக்கு இறக்கிவிட்டுக் கட்டிலை எடுத்தார்கள். வண்டி இருபது அடி போனது. கட்டில்களோடு குழிக்குள் இறங்கியது. அச்சு முறிந்தது.

இசக்கிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு நாலு நாள்தான். ஐந்தாம் நாள், 'ஜப்தி செய்த வகையில் கைவண்டி அச்சு' என்று வரிப்பாக்கியோடு சேர்த்துச் சீட்டு வந்தது. பேச்சி எங்கேயோ அரிசிப் பானைக்கு அடியிலிருந்து பணத்தை எடுத்து மொத்தமும் கட்டி, கட்டிலை மீட்டுவந்தாள்.

"போதும். விட்டுருங்க. மீனு வாங்கிட்டு வாங்க," என்றாள்.

மீன் வாங்கப் போன இடத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நகரசபைச் சேர்மனையே கூப்பிட்டால்?

முத்து விலாஸின் மூன்றாம் ஆண்டு விழா என்று ஒன்று அன்றைக்கு முளைத்தது. தோரணம் கட்டினான். கரிமீன் வாங்கினான். ஒலிபெருக்கிக்காரன் வந்தான். சேர்மன் காரில் வருவார் என்பதை நினைத்து நினைத்து இசக்கிமுத்து முந்தின நாளிலிருந்தே புன்னகையோடு இருந்தான். விழா நாள் வெள்ளிக்கிழமை வேறு. குழி நல்ல பக்குவத்தில் இருந்தது.

சேர்மன் வந்தார். விழுந்தார்.

கதர் வேட்டி ஒரு நிறமாகவும் சட்டை ஒரு நிறமாகவும் வெளியே வந்து, ஒரு செருப்போடு நின்றார்.

"ஈ குழி எத்ர நாளாயி?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசமாச்சு சார். ரிஜிஸ்டர்ல இல்ல."

ஒலிபெருக்கி திறந்திருந்ததால் அது கொட்டாரம் வரைக்கும் கேட்டது. சேர்மன் பக்கத்தில் நின்ற அனந்தநாராயணனைப் பார்த்தார். அனந்தநாராயணன் தோரணத்தைப் பார்த்தார்.

பதினைந்தே நாளில் ஜல்லி வந்தது. தார் பீப்பாய் வந்தது. ரோடு ரோலர் வந்தது. இசக்கிமுத்து ரோலருக்கு மாலை போட்டான். ரோலர்க்காரனுக்கு ஓசியில் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தான். தெருவே அவனைத் தோளில் தூக்கியது, கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பேச்சி மட்டும் அடுக்களைக்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சந்தோசத்துல அழுதா பாரு," என்று எல்லாரிடமும் சொன்னான்.

கட்டிலுக்குப் புது உறை தைத்தான். பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டு, கார்கள் வரிசையாக நிற்பதற்குக் காத்திருந்தான்.

கார்கள் வந்தன. சும்மா சொல்லக்கூடாது, முன்னைவிட இரண்டு பங்கு வந்தன. 'சர்'ரென்று வந்து 'சர்'ரென்று போயின. கொட்டாரம் பார்த்தன, கடற்கரைக்குப் போயின, பொழுது சாயும் முன் எர்ணாகுளத்துக்கே திரும்பி, அங்கே மின்விசிறி உள்ள அறைகளில் தங்கின. ஒரு சனிக்கிழமை அந்தக் கோயமுத்தூர் டாக்டரும் வந்தார். இசக்கிமுத்து பெஞ்சிலிருந்து எழுந்து ஓடினான். டாக்டர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "ரோடு பிரமாதம்யா!" என்று கத்திக்கொண்டே போய்விட்டார்.

பேச்சியின் மீன்குழம்பைப் பூனை தின்றது. பூனைதான் தெருவிலேயே கொழுத்தது.

இரண்டு மாசம் போனது. அனந்தநாராயணன் வந்தார். தார் ரோடு என்பதால் காலைத் தட்டித் தட்டி ரசித்து நடந்து வந்தார்.

"புதுச் சீட்டு ஓய். தார் போட்ட தெருவுக்கு வரி வேறயாக்கும். ஒண்ணரை மடங்கு."

"சாமி, ரெண்டு மாசமா ஒருத்தன் வந்து தங்கலையே!"

"ஆள் தங்கறானான்னா வரி போடறது? ரோடு இருக்கோ இல்லியோ?"

"இருக்கு."

"கேட்டது யாரு?"

இசக்கிமுத்து சீட்டை வாங்கி மடித்தான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ளே கட்டும். இந்தத் தடவை கட்டில் இல்லை, கதவையே கழட்டிடுவா. நான் சொன்னாலும் கேக்க மாட்டா. சேர்மன் அந்தச் செருப்பை இன்னும் மறக்கலை."

வியாழக்கிழமை பேச்சி அரிசிப் பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் இரண்டு கருப்பட்டித் துண்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. இசக்கிமுத்து கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கிய கொக்கியைக் கழற்றினான். துரு ஏறியிருந்தது. வேட்டி முனையால் துடைத்தான்.

"எங்க போறிய?" என்றாள் பேச்சி.

"பாண்டிகசாலைக்கு. மேஸ்திரி கிட்டக் கேட்டுப் பாக்கேன்."

"அந்தக் கழுத்த வச்சிக்கிட்டா?"

"இடது பக்கம் திரும்புதுல்லா. மூட்டைய இடது பக்கமா வச்சிக்கிட வேண்டியதுதான்."

பேச்சி வாசல்படியை மறித்து நின்றாள். அவனை முறைத்தாள். அவனும் அவளை முறைத்துப் பார்க்க முயன்றான்; கழுத்து ஒத்துழைக்காமல் பக்கத்துச் சுவரைத்தான் முறைத்தான்.

அப்போது பிச்சை வந்தான். ரோலர் வந்த நாளிலிருந்து ஆளைக் காணோம். இடக்கொச்சியில் இறால் பண்ணை வேலைக்குப் போயிருந்தானாம். வழக்கம்போலப் பின்வாசலுக்குப் போகாமல் நேரே தெருவோடு வந்தான். உடம்பெல்லாம் வேர்வை. கையில் முத்து விலாஸ் மம்பட்டி, அதன் வாய் அப்பளம் மாதிரி மடங்கியிருந்தது. அதைப் பேச்சியின் காலடியில் போட்டுவிட்டு, இசக்கிமுத்து நிற்பதைக் கவனிக்காமலே சொன்னான்:

"அக்கா, நீங்க சொன்னபடி ரோலரு வார வரைக்கும் ரெண்டு வருசமா ஒரு வெள்ளிக்கிழமை தவறாம குழிய வெட்டினேன், ஆனா இது தாரு, மம்பட்டிக்கு அசைய மாட்டேங்குது, ஒரு கடப்பாரை வாங்கித் தந்தாத்தான் நாளைக்கு வார காராவது நம்ம வாசல்ல விழும்."