பத்தடி உயரத்தில் இறங்கியவன்

வானத்திலிருந்து விழுந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நான் விழுந்தது பத்தடி உயரத்திலிருந்து. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள்கூட என்னைவிடக் கௌரவமானவர்கள்.

எழுபதுகளின் கடைசி. மட்டாஞ்சேரியில் அப்பாவுக்கு மிளகு வியாபாரம். நான் கல்லூரியில் சேர்ந்த கையோடு கிளைடர் பயிற்சியிலும் சேர்ந்திருந்தேன். கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம். (என்னிடமும் அது இல்லை என்பது அப்பாவின் அபிப்பிராயம்.)

"தனியா ஒருவாட்டி ஓட்டிக் காட்டு, பைலட் படிப்புக்குக் கையெழுத்துப் போடறேன். இல்லாட்டா கிடங்குக்கு வந்துரு" என்றார்.

தனியாகப் பறக்க அனுமதி தரும் கடைசிப் பரீட்சைக்கு அப்பாவும் வந்து மைதான ஓரத்தில் நின்றார். பின் இருக்கையில் பயிற்சியாளர் மேனன் சார்.

"ஞான் ஒண்ணும் தொடமாட்டேன் கேட்டோ. எல்லாம் நீதான்" என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஏறினேன், சுற்றினேன், திரும்பினேன். எல்லாம் சுத்தம். ஓடுபாதை நெருங்கி, புல் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது.

தினமும் படகில் கல்லூரிக்குப் போகிறவன் நான். படகுத்துறையைத் தொடும்வரை படகில் உட்கார்ந்திருப்பவன் எங்கள் ஊர்க்காரனே இல்லை. கரை தெரிந்ததும் எழுந்து, கயிறு கட்டுவதற்குள் குதித்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் கிளைடரை ஓட்டும் ஸ்டிக்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பெல்ட்டைக் கழற்றினேன்.

"எந்தாடா செய்யுந்நே?" என்று அலறினார் சார்.

"இறங்கறேன் சார்" என்றேன்.

கிளைடரின் மூக்கு தரையில் குத்தியது. துள்ளியது. சார் ஸ்டிக்கைப் பிடிப்பதற்குள் ஒரு இறக்கை புல்லைச் சீவ, அரை வட்டம் அடித்து வாய்க்காலில் போய் நின்றோம். எனக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. சாருக்குக் கீறல்கூட இல்லை. தன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, "சரி, இப்போ இறங்கிக்கோ" என்றார்.

அப்பா நிதானமாக நடந்து வந்தார். உடைந்த இறக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிடங்கு எட்டு மணிக்குத் திறக்கும்."

வீடு வரை அழுதுகொண்டே போனேன். பறப்பதை நான் உண்மையாகவே நேசித்தேன். பிறகு முப்பது வருஷம் மிளகு விற்றேன்.

இப்போதும் விமானத்தில் எங்கே போனாலும், தரை தெரிந்ததும் என் மனைவி என் பெல்ட்டின் கொக்கியை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். போன மாதம் ஒரு பணிப்பெண் பதறிப்போய், சாருக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள்.

"அதொண்ணும் இல்ல மோளே" என்றாள் மனைவி. "இவர் ஒருவாட்டி விமானம் இறங்கறதுக்கு முன்னாடியே இறங்கினவர்."