மணவாளன் கண்ணை மூடிக்கொண்டார்

"இன்னாங்க, தீனாவுக்குப் பத்துக்குப் பத்து போட்டுட்டீங்களா?" என்றாள் ஜெயப்ரியா.

"அவன் இன்னும் வாயே தெறக்கலடி!" என்றார் மணவாளன்.

ஆரணி ஏரிக்கரையில் குதிரைப் பந்தயம். இனி வருடாவருடம் மைக் பிடிக்கப்போவது யார் என்பதற்கும் அன்றைக்கே போட்டி. ஒருவன் ஜெயப்ரியாவின் தம்பி தீனா. இன்னொருவன் பெரணமல்லூர் அன்பரசு. நடுவர் மணவாளன், பட்டு வியாபாரி. கண்ணை மூடிப் புடவையைத் தடவியே அசலா கலப்பா என்று சொல்லிவிடுவார். மச்சானுக்கு ஒரு மார்க் கூட்டினாலும் அந்தப் பெயர் போய்விடும். கூட்டாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

குதிரை மிரளும் என்று கூட்டத்தைக் கரைக்கு இந்தப் பக்கமே நிறுத்தியிருந்தார்கள். கரைமேல் நின்ற அறிவிப்பாளர்களுக்கு மட்டும்தான் குதிரை ஓடும் பாதை கண்ணில் படும்.

"மணி மூணாயிட்ச்சி, ஜனம் கத்திகினு கீது. ஜல்தி ஆரம்பிங்கப்பா!" என்றார் கமிட்டித் தலைவர் கமலக்கண்ணன்.

தீனா அந்தப் பக்கம் பார்த்தான். அன்பரசுவைப் பார்த்தான். மைக்கைப் பிடித்தான். "இதோ கிளம்பிட்ச்சி! கருப்பன் முன்னால! கருப்பன்!"

மணவாளன் புடவைக்கு மூடுவதுபோலக் கண்ணை மூடினார். தொடையில் ஜெயப்ரியா கிள்ளினாள்.

"சும்மா இரு! அன்பு, ரெண்டாவது ரவுண்டு நீ சொல்லு!"

அன்பரசு கருப்பனைக் கீழே தள்ளினான். வெள்ளையனை முன்னால் விட்டான். கூட்டம் எழுந்து நின்றது. தீனாவுக்குப் பொறுக்கவில்லை, மைக்கைப் பிடுங்கி, விழுந்த கருப்பனை எழுப்பி ஓடவிட்டான். மூன்று சுற்றுப் பந்தயம் ஐந்தைத் தாண்டியது. விசில் பறந்தது. மணவாளனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு பந்தயத்தை அவர் வாழ்க்கையில் கேட்டதே இல்லை.

"ரெண்டு பேரும் அசல்! ரெண்டு பேருக்கும் பத்து!" என்று துள்ளிக் குதித்தார்.

"எப்படிங்க ரெண்டு பேரு?" என்று ஜெயப்ரியா பாய்ந்தாள். பெரணமல்லூர்க்காரர்களும் சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

பேஜார்தான். மணவாளன் சமாளித்தார். "சரி, ஜெயிச்ச குதிரையைச் சரியாச் சொன்னவனுக்கே பரிசு. எது ஜெயிச்சிது?"

"கருப்பன், மாமா!"

"வெள்ளையன், ஐயா!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "கருப்பன்தான், என் காதால கேட்டேன்!" என்று ஒருவர் சத்தியமே செய்தார். ஒரு நாற்காலி பறந்தது.

"நிறுத்துங்க! ரெண்டு குதிரையையும் இங்க இட்டுகினு வாங்க. மூச்சு வாங்கறதைத் தொட்டுப் பார்த்தே நான் சொல்லிடறேன்!" என்று கத்தினார் மணவாளன்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு லாரி டிரைவர் வந்தார்.

"மன்னிச்சிக்கோங்க சார், செய்யார்ல கம்பெனி பஸ்ஸுங்க நடுவுல மாட்டிகினு லேட்டாயிட்ச்சி. குதிரைங்கள எங்க எறக்கறது?"