கீறல் படாத வீரர்

கவசப் பிரியர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் நிச்சயம் இருப்பார். ரோடே இல்லாத காட்டிலும் மேட்டிலும் பைக் ஓட்ட வேண்டும் என்பது இவருடைய வாழ்நாள் ஆசை. அதற்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான்கள் சில இருக்கின்றன என்பது இவருடைய வாழ்நாள் வேலை.

முதலில் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்க முடியாது. நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். பிறகு மார்புக் கவசம், முதுகுக் கவசம், முழங்கைக்கு, முழங்காலுக்கு, கழுத்துக்கு, அப்புறம் ஹெல்மெட், தூசிக் கண்ணாடி, அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஒரு தனித் துணி, அந்தத் துணியை வைக்க ஒரு பை. ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன்னால், யாரோ ஒருவர் மலைச்சரிவில் பைக்கோடு உருண்டு விழும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். சமையலறையில் இருக்கும் மனைவியையும் கூப்பிடுவார்.

"பாத்தியா? விழுந்தான், எந்திரிச்சான், தட்டிவிட்டுட்டுப் போறான். எப்படி?"

"வீட்ட விட்டு வெளிய போயிருக்கான். அதான்."

பார்சல் வந்த அன்று ஹாலின் நடுவில் முழுக் கோலத்தில் நின்று, "எங்க, அடி பாக்கலாம்!" என்று நெஞ்சை நிமிர்த்துவார். மனைவி கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டுவார். உடனே இவர் கண்ணாடி முன் ஓடுவார். வலித்ததா என்று பார்க்க அல்ல. கீறல் விழுந்ததா என்று பார்க்க.

வியாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. சாமான்களை அதிகம் பார்க்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் தொற்றும். எனக்குத் தெரியும்.

அந்த மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு, மூடியும் மூடாமலும் ஜல்லியும் சேறுமாகப் போட்டிருக்கும் ரோட்டில், ஸ்கூட்டரில் போய்வருகிறார். ஆக, அந்த வீட்டில் தினமும் ரோடே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுகிறவர் யார்? அவருடைய ஹெல்மெட்டில் கொக்கி உடைந்து, வாரை முடிச்சுப் போட்டிருக்கிறார்.

"எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கணுங்க."

"அவசரப்பட்டு வாங்குற சாமானாம்மா அது? தலை விஷயம். பாத்துட்டிருக்கேன்."

"அதுவரைக்கும் உங்களதக் குடுங்க. சும்மாதான கெடக்கு?"

"சும்மாவா! உன் தலை எண்ணெய் பட்டா உள்மெத்தை என்னத்துக்கு ஆகும்?"

பாத்துட்டிருக்கேன்! இந்த வகையினர் அனைவருக்கும் பொதுவான மந்திரம் அது.

கடைசியில் மைத்துனன்தான் இவரை வம்படியாக ஒரு பழைய கல்குவாரிக்கு இழுத்துப் போனான். போருக்குப் புறப்பட்ட ராஜா மாதிரி போய் இறங்கியவர், கல்லையும் மண்மேட்டையும் ஒரு முறை பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"உள்ள ஒரே கல்லா இருக்குடா. புதுசு. கீறிடும்."

"முட்டியக் காப்பாத்தத்தான மாமா அது?"

"முட்டியில தோல் திரும்ப வளரும்டா. இது வளருமா?"

மைத்துனனின் பழைய ஹெல்மெட்டை இரவல் வாங்கிக்கொண்டு, வெறும் பருத்திச் சட்டையோடு பைக்கில் மேடேறினார். பைக் இடப்பக்கம் போயிற்று. இவர் வலப்பக்கம் போனார். கழற்றிப் பத்திரமாக வைத்த பையில் கவசங்கள் அத்தனையும் சௌக்கியமாக இருந்தன.

மறுநாள் இரண்டு முழங்காலிலும் கட்டோடு இவர் படுத்திருக்க, மனைவி அந்தப் புது ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். சாயங்காலம் ஒரு பக்கம் முழுக்கச் சேறாக, ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜல்லியில் சறுக்கி, ஓரத்தில் கிடந்த குழாயில் தலை மோதியிருக்கிறது.

நம்மவர் நொண்டிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஐயய்யோ! எவ்வளவு பெரிய கீறல்!"

"ஆமாங்க," என்று மனைவி தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார். "அது இல்லேன்னா இங்க விழுந்திருக்கும்."

அந்த இடத்தை இவர் பார்த்தார். பார்க்கவே இல்லை என்று சொன்னால் பாவம். பார்த்துவிட்டு, கட்டைவிரலால் ஹெல்மெட்டைத் தேய்த்தபடி கேட்டார்:

"பாலிஷ் போட்டாப் போயிடும்ல?"

அடுத்த நாள் காலை மனைவி தலைக்குத் தாராளமாக எண்ணெய் வைத்துக்கொண்டார். அதே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வீட்டுக் கவசங்களில் இன்றுவரை வேலைக்குப் போவது அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் மார்புக் கவசம் கிடையாது, கல்குவாரிப் பக்கம் நீங்கள் போனதும் கிடையாது. சரி. உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போன தம்பியோ மகளோ வீடு திரும்பியதும், வாசலுக்கு வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பீர்களே, அந்த நேரத்தில் வண்டியை ஓட்டி வந்தவரின் முகம் எப்படி இருந்தது, சொல்லுங்கள் பார்க்கலாம்.