செக்கிங் அக்காவும் எங்கள் வட்டார ரேடியோவும்

உலகத்தில் குறையே இல்லாத பொருள் என்று ஒன்று இருக்குமானால், அது இன்னும் செக்கிங் அக்காவின் கைக்கு வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் அக்காவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, உள்ளும் வெளியும் புரட்டி, தையல் எங்கே விட்டிருக்கிறது, எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் திருப்பூரில் எக்கச்சக்கம். சம்பளம் இல்லாத நேரத்திலும் செய்தவர், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் நூல் பிசிர் நீட்டிக்கொண்டிருந்தால் போச்சு. கைப்பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரி வெளியே வரும். 'நறுக்!' அந்த மனிதர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறுவார். "ஒண்ணுமில்லீங்க, பிசிருங்க. இப்பச் சரியாயிருச்சு" என்று அக்கா படு மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடுத்த காலரைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லக் கையைப் பிடித்தவர், அப்படியே சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்து, "எடது கை ஒரு வெரக்கடை நீளமுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதற்குப் பிறகு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் மாப்பிள்ளை இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு வேறு சட்டைதான். அப்போதும் மனிதர் கையை வெளியே எடுக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில்தான் வேறு வழியில்லாமல் எடுத்தார்.

இப்படிப்பட்ட ஒருவர் ரேடியோ கேட்க ஆரம்பித்தால் அந்த ரேடியோ என்ன ஆகும்? சொல்கிறேன். அந்த ரேடியோவில்தான் நான் காலை அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தேன்.

நான் விருதுநகர்ப் பக்கம். எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஒன்றில் வேலைக்காக வந்தவன். பேச்சு ஆசை விடவில்லை. ஆபீஸ் போகும் முன்பு வட்டார ரேடியோவில் சும்மா வாசித்துக் கொடுப்பேன். பெரிய ரேடியோ என்று நினைத்துவிடாதீர்கள். சைக்கிள் மிதித்துக் களைக்கும் தூரத்துக்குத்தான் கேட்கும். ஒரு கல்வி ட்ரஸ்ட்டின் கட்டடத்தில் மாடி அறை. எந்தத் தெருவில் கரண்ட் போகும், குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும், எங்கே ஓவர்லாக் டெய்லர் தேவை, இதெல்லாம்தான் எங்கள் தலைப்புச் சமாச்சாரம். வடக்கே இருந்து வந்த தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்போம். சாயங்காலம் ஒரு ரிட்டையரான டீச்சர் தொடர்கதை சொல்வார்.

ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்திய ரேடியோ அது. பக்கத்து நிட்டிங் மிஷின் சத்தம் மைக்கில் கேட்கிறது என்றதும், கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்கள். டெய்லர்கள் அதை அடைத்து மெத்தை தைத்து நான்கு சுவரிலும் மாட்டினார்கள். உள்ளே போனால் ஒரு பெரிய தலையணைக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். திறப்பு விழாவன்று எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் ஒவ்வொரு மெத்தையாகத் தடவிப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனார். விழா முடிந்தபோது சுவர் முழுக்க அம்புக்குறி.

அன்றிலிருந்து எங்களுக்குப் போன்.

"ஏனுங்க, காத்தால வாசிச்சது நீங்கதானுங்களே? மூக்கடைச்சுக் கெடக்குது. கொள்ளு ரசம் வெச்சுக் குடிச்சுப்போட்டு வந்து வாசிங்க."

"ஏனுங்க, பேப்பர் திருப்பற சத்தம் கேக்குது. மொதல்லயே பிரிச்சு வெச்சுக்கிட்டா என்னங்க?"

"மழை வரும்னு சொன்னீங்க, துணியெல்லாம் உள்ள எடுத்துப் போட்டேன். ஒரு சொட்டு வல்ல. நாளைக்கு மன்னிப்புக் கேட்டுட்டு ஆரம்பிங்க."

மழைக்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! எங்கள் பக்கமாக இருந்தால் நானும் நாலு வார்த்தை சூடாகக் கொடுத்திருப்பேன். இங்கே வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத் திட்டுகிறார்களே, எப்படித் திருப்பித் திட்டுவது? போனை வைத்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் குடையும். இவ்வளவு மோசமாக இருக்கிறது என்றால் அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? காலை முதல் நிகழ்ச்சியிலிருந்து கடைசி நிகழ்ச்சி வரை, வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் இந்த அம்மாள் ஏன் கேட்கிறார்? யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. நிலைய மேனேஜர் தங்கவேலு அண்ணனிடம் கேட்டேன்.

"அது ஒரு வேண்டுதல் மாதிரிங்க தம்பி. நம்மள வெச்சு நிறைவேத்தறாங்க" என்றார் அவர்.

இந்தச் சமயத்தில்தான் தலையில் இடி விழுந்தது. ரேடியோவை நிறுத்திவிட்டு, அந்த மாடி அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தலாம் என்று ட்ரஸ்ட்டில் பேச்சு எழுந்துவிட்டது. ட்ரஸ்ட்டின் பெரியவர் நல்ல மனிதர். பனியன் கம்பெனி முதலாளி, தோட்டமும் உண்டு, அதிர்ந்து பேசமாட்டார். "கேக்கறதுக்கே ஆளில்லாத ரேடியோவுக்கு எதுக்குங்க ரூம்பு? நாலு புள்ளைங்களாச்சும் படிச்சுட்டுப் போகும்" என்றார். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? "ஞாயித்துக்கெழமை வாரனுங்க. கேக்கறவங்க இருந்தா வரச்சொல்லுங்க, பேசிப் பாக்கறேன். அப்பறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றும் சொன்னார்.

தங்கவேலு அண்ணன் ஆடிப்போய்விட்டார். மில் வேலையை விட்டுவிட்டு இந்த ரேடியோவே கதி என்று கிடந்தவர். தெருத் தெருவாகப் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொருவரிடமும் ஒரே வேண்டுகோள்தான்: "வந்து நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. குறை கிறை எதுவும் சொல்லிப்போடாதீங்க."

"அக்கா?" என்று கேட்டேன்.

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. கூப்பிடாமல் விட்டாலும் அக்கா வருவார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கீழே டீ போடும் இடத்தில் டம்ளர் எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டார். பொழுது சாயும் வரைக்கும் தாங்கும் என்று இருவரும் மனப்பால் குடித்தோம்.

ஞாயிறு வந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

"ரேடியோ கேப்பீங்களா?"

"கேப்பமுங்க."

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க."

"எந்த நிகழ்ச்சி புடிக்கும்?"

"எல்லாமே நல்லா இருக்குதுங்க."

"நேத்து என்ன கேட்டீங்க?"

"நேத்து கேட்டதும் நல்லா இருந்துச்சுங்க."

அடுத்தவரும் அதே. அதற்கடுத்தவரும் அதே. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் 'நல்லா இருக்குதுங்க' என்று சொல்லி எழுந்து வரும் ஊர் இது. அண்ணன் வேறு பாடம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கேட்க வேண்டுமா! பீகாரிலிருந்து வந்த ஒரு பையன்கூட, "நல்லா இருக்குதுங்கோ சார்" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

பெரியவர் சிரித்தார். வருத்தமான சிரிப்பு. "தங்கவேலு, சொல்லிக்குடுத்துக் கூட்டியாந்திருக்கறீங்க. இவங்க யாரும் கேக்கறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்து, இரண்டு டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா மாடியேறி வந்தார்.

"ரெண்டுலயும் விரிசலுங்க. வாய அறுத்துப்போடும்."

பெரியவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். "நீங்களும் ரேடியோ கேப்பீங்களாம்மா?"

"கேக்கறனுங்க."

"எப்படி இருக்குதுங்க?"

"மோசமுங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெவசாய நிகழ்ச்சில தென்னையப் பத்திப் பேசறாரே உடுமலைக்காரரு, நடுநடுவுல தண்ணி குடிக்கறாருங்க. ஒவ்வொரு மடக்கும் இங்க கேக்குது. இந்திக்காரப் பசங்களுக்குத் தமிழ் சொல்லித் தாராங்க, நல்லதுதான். 'பஸ் எங்கே, கடை எங்கே'ன்னே சொல்லித் தாராங்க. 'ஒடம்பு செரியில்ல, லீவு வேணும்'னு சொல்லித் தர வேண்டாமுங்களா? அதெல்லாங்கூடப் போச்சாதுன்னு உட்டுப்போடலாமுங்க. கதை சொன்ன டீச்சரு மக பேறுகாலத்துக்குன்னு போயிட்டாங்க. கதைல அந்தப் புள்ள கெணத்து மேட்டுல நின்னுக்கிட்டே இருக்குது. என்னாச்சுன்னு கேப்பாரில்ல!"

"ஆமாங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "அந்தப் புள்ளைக்கு என்னதானுங்க ஆச்சு?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. சோமனூரிலிருந்து வந்து இங்கே தறி ஓட்டும் ஒருவர், காலை அறிவிப்பில் என் வேகம் தாங்கவில்லை என்றார். பீகார்ப் பையன் எழுந்து நின்று, "நம்ம ஊர் பாட்டு எப்பவும் பாதி! பாதி பாட்டு போட்டு கட் பண்றாங்கோ!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். சற்று முன் எல்லாமே நல்லா இருக்கிறது என்று சொன்ன அதே வாய்கள்! எனக்கு விழுந்த திட்டு மட்டும் ஒரு கூடை தேறும்.

பெரியவர் மெள்ள மறுபடி உட்கார்ந்தார். "அந்தப் புள்ள எதுக்குங்க கெணத்துக்குப் போச்சு?" என்று கேட்டார். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் கதை சொல்ல ஆரம்பித்து, தப்பு அவள் மேலா மாமியார் மேலா என்று அவர் முன்னாலேயே சண்டை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இத்தன குறை சொல்றீங்களேம்மா, அப்ப மூடிப்போடலாங்களா?"

அக்கா அதிர்ந்துபோய்விட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங் சாமி, மூடறதா? ரிஜெக்ட்டுன்னா நான் பேசவே மாட்டனுங்களே. தூக்கி அக்கட்டால போட்டுட்டு அடுத்த பீஸ எடுத்துருவேன். ஆல்ட்டர் பண்ணி நல்லா ஆக்கிப்போடலாம்கற பீஸுக்குத்தானுங்க ஸ்டிக்கர் ஒட்டறது." குரல் கொஞ்சம் இறங்கியது. "என்ற ஊட்டுக்காரரு இருந்த வரைக்கும் அவரு என்ற சோத்தைக் குறை சொல்லுவாரு, நான் அவரு சட்டையக் குறை சொல்லுவேன். இப்ப ஊட்டுக்குள்ள போனா எங்கூடப் பேசறது இந்த ரேடியோ ஒண்ணுதானுங்க. பேசறவங்களச் செரியாப் பேசுங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்களா?"

இத்தனை நாள் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த அம்மாள் இவ்வளவு நாளும் எங்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்!

பெரியவர் எழுந்தார். கம்ப்யூட்டர் வகுப்பைக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றார். படியிறங்கும்போது அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த டீச்சருக்கு போனப் போட்டாச்சும் மிச்சக் கதைய வாங்கிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அரை மணி நேரம் 'குறை சொல்லுங்க' என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. கேட்கிறவர்கள் போன் போட்டு எங்களைக் கிழிப்பார்கள். நடத்துவது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? முதல் வாரம் மைக்கைப் பார்த்ததும் அக்கா இருமினார், தண்ணீர் குடித்தார், அந்த மடக்கும் ஊருக்கே கேட்டது. ஆனால் தாக்குப்பிடித்துப் பேசி முடித்தார். நான் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவன், ஆசை தாங்காமல் போன் போட்டுவிட்டேன்.

"நல்லா இருந்துச்சுங்க அக்கா."

"நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கா போன் பண்ணுனீங்க? லைன்ல பத்துப் பேரு நிக்கறாங்க. குறை என்னன்னு சொல்லிப்போட்டு வெய்யுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "அரை மணி நேரம் பத்தலைக்கா."