அறுநூற்றி இருபது அடி

ரௌட்டரின் வயரைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மயில்சாமி திரும்பியபோது, மனைவி வசந்தாமணி வாசற்படியில் நின்றிருந்தாள். கட்டியிருந்தது கலியாணங்களுக்கு மட்டும் கட்டுகிற சேலை.

"நெட்டு போயிருச்சாட்ட இருக்குது புள்ள," என்றார்.

"அஞ்சரைக்கு நம்ம கிருத்திகா கூப்படறேன்னு சொன்னாளே! இப்பப் பாத்தா?"

"அதான் பாரேன். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு அவ அந்தத் தீவ உட்டே கெளம்பீருவாளுங்க. கடலு பாக்கப் போனவ, நீங்க போட்ட போர்க்கெணத்தப் பாக்கறதுக்குன்னே ஒரு நாளு மலையேறிப் போயிருக்கறா." வசந்தாமணி செருப்பை மாட்டினாள். "எங்கண்ணன் ஊட்டுல நெட்டு இருக்குது. வாங்க."

இரண்டு வீடு தள்ளி அண்ணன் தனபால் வீடு. அங்கே சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவி இருந்தது.

விஷயம் இருபத்தாறு வருடத்துக்கு முந்தையது. திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் வண்டியோடு ஒரு கம்பெனிக்காரர் கரீபியன் தீவு ஒன்றுக்கு நாலு பேரைக் கூட்டிப் போனார். அதில் மயில்சாமியும் ஒருவர். அப்போது வயது இருபத்து மூன்று. தீவின் நடுவே ஒரு மலையூர், அங்கே ஒரு பழைய பேஸ்பால் மைதானம். அப்போதே அதற்கு எழுபது வயது. பச்சைப் பெயிண்ட் அடித்த மரப்பலகை இருக்கைகள், ஆள் ஏறிக் கையால் எண் மாட்டுகிற ஸ்கோர் பலகை. புல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். நீரோட்டம் பார்க்க மயில்சாமி உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து மைதானம் முழுக்க நடந்தார். கோடியில், வேலியோரப் பள்ளத்தில், தேங்காய் எழுந்து நின்றது. மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அங்கேதான் போர் போட்டார்கள்.

அறுநூற்றி இருபது அடி. தண்ணீர் இல்லை, வந்தது வெறும் கல்தூள் புகை.

கம்பெனிக்காரர் திட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஊர் திரும்பிய மயில்சாமி எடப்பாடிப் பக்கம் பெண் பார்க்கப் போனார். மானாவாரிக் காட்டில் ஏழு போர் போட்டு ஏழிலும் புகை பார்த்த மனிதர், வசந்தாமணியின் அப்பா. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தீவுல போர் போட்டீங்களாமா. தண்ணி கெடைச்சுதுங்களா மாப்ள?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "பனமரத்து ஒசரத்துக்குங்க," என்றுவிட்டார் மயில்சாமி. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர் தானாக வளர்ந்தது. மகள் கிருத்திகா பிறந்தபோது இரண்டு பனை உயரம். அவள் பள்ளிக்கூடம் போனபோது அதில் வானவில் தெரிய ஆரம்பித்திருந்தது.

தனபால் வீட்டில் அதற்குள் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர் மனைவி சௌந்திரம் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். டிவியில் கிருத்திகா தெரிந்தாள். அங்கே காலை எட்டு மணி வெயில்.

"அப்பா, மைதானத்துல நிக்கறேன்! தெரியுதுங்களா?"

தெரிந்தது. அதே பச்சை. அதே மரப்பலகைகள். ஸ்கோர் பலகையில் ஒரு எண் அன்றைக்குப் போலவே தலைகீழாகத் தொங்கியது. மயில்சாமிக்கு ஒரு நிமிடம் பயம் மறந்துவிட்டது. அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வறுத்த வேர்க்கடலையும் வேகவைத்த வாழைக்காயுமாக அங்கே உட்கார்ந்திருந்தார். ஒரு எழுத்தும் புரியாத ஆட்டத்துக்குத் தொண்டை கட்டுகிற வரை கத்தினார்.

"கண்ணு, மூணாவது வரிசைக்குப் போ. இடது கைப்பக்கம் ஆறாவது சீட்டு. கீழ ஒரு ஆணி நீட்டிட்டு இருக்கும் பாரு. என்ர லுங்கியக் கிழிச்ச ஆணி."

கிருத்திகா குனிந்தாள். "அட, இருக்குதுப்பா!"

வீடே கை தட்டியது. வசந்தாமணி அண்ணனைப் பெருமையாகப் பார்த்தாள். "ஆணியக் கூட மறக்கலை பாத்தியாண்ணா! ஏனுங்க, போரு எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"அதுதான் புள்ள, ஞாபகம் இல்ல."

"ஆணி ஞாபகம் இருக்குது, போரு ஞாபகம் இல்லீங்களா?" என்றார் தனபால்.

"வேலிப்பக்கம்தான். அங்க போக வேண்டாம் கண்ணு, பாம்பு கெடக்கும்."

"அந்தத் தீவுல பாம்பே இல்லைன்னு சொன்னது நீங்கதானுங்க?" என்றாள் வசந்தாமணி.

"கான்கிரீட் போட்டு மூடியிருப்பாங்க மச்சான். வெளிநாட்டுல எதையும் தொறந்து உட மாட்டாங்க," என்று தனபாலிடம் சமாளித்தார் மயில்சாமி.

"இருங்கப்பா, இங்க ஒருத்தர் இருக்காரு, கேக்கறேன்."

இடுப்பில் சாவிக்கொத்தோடு நரைத்த மனிதர் ஒருவர் திரைக்குள் வந்தார். மைதானக் காவலர் ரஃபேல். மயில்சாமியின் வயசுதான். ரிக் கிளம்பிய அன்று தன் தொப்பியைக் கழற்றி மயில்சாமி தலையில் மாட்டியவர். அது இன்னும் மயில்சாமியின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

கிருத்திகா தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். ரஃபேல் போனைப் பிடுங்கி, "மாயில்சாமி! மாயில்சாமி!" என்று திரைக்கு முத்தம் கொடுத்தார். பிறகு கையை ஆட்டியபடி வேலிப் பக்கம் ஓடினார்.

"அப்பா, அவரே கூட்டிட்டுப் போய்க் காட்டறாராமா!"

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க," என்றார் தனபால். "எங்கப்பன் கட்டையில போற வரைக்கும் சொல்லீட்டே இருந்த தண்ணி."

மயில்சாமி சட்டைப்பைக்குள் இருந்த வயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இங்கே பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. திரையில் வேலி வந்தது, பள்ளம் வந்தது, வட்டமான இரும்பு மூடி வந்தது. மூடி மேல் மங்கலாக மஞ்சள் பூசி, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தது.

ரஃபேல் சாவியைத் தேடினார்.

மயில்சாமி எழுந்து நின்றார்.

"தண்ணி வரல புள்ள."

"என்னங்க?"

"ஒரு சொட்டு வரல. அறுநூத்தி இருவது அடிக்கும் வெறும் புகை. மாமன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லீட்டேன். இல்லீன்னா உன்னையக் குடுத்திருக்க மாட்டாரு."

சௌந்திரம் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள்.

"பனமரம்?" என்றாள் வசந்தாமணி.

"இல்ல."

"வானவில்லு?"

"அதுவும் இல்ல."

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். இருபத்தைந்து வருடம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் அந்த வானவில்லைச் சொன்னவள் அவள்.

"எங்கப்பனுக்கு எட்டாவது போரும் புகைதானா?" என்றாள் மெல்ல.

டிவியை அணைக்கத் தனபால் ரிமோட்டை எடுத்தார். அதற்குள் டிவியில் மூடி திறந்தது. உள்ளே இருட்டு. ரஃபேல் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, ஓட்டையைக் காட்டிக் காட்டி மூச்சு விடாமல் பேசினார். கிருத்திகாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா, போன மாசப் புயல் மழையில இந்தத் தீவுல இருக்கற அத்தனை மைதானமும் முங்கிருச்சாமா, இது ஒண்ணுதான் முங்கலையாமா, இருவத்தாறு வருசமா எல்லாத் தண்ணியையும் உங்க ஓட்டைதான் குடிக்குதாமா, மத்த ஊருக்காரங்களும் இதே மாதிரி ஓட்டை கேக்கறாங்களாமா, தேங்காயை எடுத்துட்டு மறுக்கா எப்பங்க வாரீங்கன்னு கேக்கறாரு!"