பட்டாணி வயலில் முப்பது புறா

ஆர்னல்ட் ட்ரிங் மூன்று வாரமாக வீட்டை விட்டு நகரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. கொள்கை.

மாமியார் இல்டா கிரிம்ஸ்பியிலிருந்து வந்து தங்கப்போகிறார் என்று மனைவி மாவிஸ் சொன்ன அன்று பிறந்த கொள்கை அது. மாமியார் கட்டிலோடு வருகிறார். கட்டிலோடு வந்த விருந்தாளி திரும்பிப் போனதாக லிங்கன்ஷையரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கட்டிலைப் போட வீட்டில் ஒரே இடம்தான் உண்டு, மாடியில் பின்னறை. அது ஆர்னல்டின் அறை. துப்பாக்கிப் பெட்டி, தோட்டாக்கள், வயலில் மறைந்து உட்கார ஒரு பச்சை வலை, நிஜப் புறாவை ஏமாற்றிக் கீழே இறக்க இருபத்துநாலு பிளாஸ்டிக் பொம்மைப் புறா, கால் ஆடும் ஒரு நாற்காலி. ஆறு ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் அறுபது ஏக்கர் வைத்திருப்பவனுக்கும் நாற்பது வருஷம் உழைத்துக் கொட்டியபின் அவருக்கென்று மிஞ்சிய இடம் அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசுங்க. தனியா இருக்கறப்ப படியில விழுந்தா யாரு தூக்கறது?"

"இங்கேயும் படி இருக்கு."

"இங்க தூக்க நீங்க இருக்கீங்க."

"அதுக்குத்தான் வேண்டாங்கறேன்."

கட்டில் இரண்டு முறை வேனில் வந்தது. இரண்டு முறையும் ஆர்னல்ட் பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். துண்டு துண்டாகக் கழற்றிய கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவர்கள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டு துண்டாகவே இறக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் கட்டில் பக்கத்து வீட்டுக் கிளெமின் கார் கொட்டகையில் போய்ச் சேர்ந்தது.

கிளெம் கொட்டகையில்! அது ஆர்னல்டுக்கு இன்னும் எரிச்சல். கிளெமோடு அவர் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஆர்னல்ட் தன் கையால் மரத்தில் புறா செதுக்கினார். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் வெள்ளைப் பட்டை தீட்டினார். வயிற்றில் சூட்டுக்கோலால் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பொறித்தார். ஒரு சாக்கு நிறைய இருந்தது. ஒருநாள் சாக்கைக் காணோம். அதற்கு முந்தின வாரம் கிளெம் அந்தப் புறாக்களைக் கையில் எடுத்துப் பார்த்து, "அருமையா இருக்குய்யா" என்று சொல்லியிருந்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆர்னல்ட் ஒன்பது கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. அவனிடமிருந்து வந்த ஒன்பது அட்டைகளையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டார்.

காவலிலிருந்து அவருக்குத் தினமும் இருபது நிமிஷம் விடுப்பு உண்டு. மாலை நான்கு மணிக்கு நெல் என்ற தன் நாயைக் கூட்டிக்கொண்டு பாலம் வரை போவார். பின்னறையைப் பூட்டிச் சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பாலத்தில் நின்று பைனாகுலரில் வயல்களைப் பார்ப்பார். ஏப்ரல் மாதம். பட்டாணி விதைத்திருக்கும் காலம். விதைத்ததைப் பொறுக்கப் புறா வரும். புறாவைச் சுட்டால் விவசாயிக்கும் சந்தோஷம், வீட்டுக்கும் கறி.

அந்தப் புதன்கிழமை விவசாயி மால்ட்பியின் பட்டாணி வயலில், வேலியோரம், அவர் முப்பது புறாவைப் பார்த்தார்.

எண்ணிப் பார்த்தார். முப்பதேதான். எல்லாம் காற்று வரும் திசையைப் பார்த்து நின்றன. குதிரை லாடம்போல் வளைந்து நின்று, நடுவில் இடம் விட்டிருந்தன. ஆர்னல்ட் முப்பது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் மாவிஸுக்குச் சொல்லி வருவதும் அதைத்தான். புறா காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். பொம்மைகளை லாட வடிவத்தில் வை. நடுவில் இடம் விடு. வானத்தில் போகிற புறா அந்த இடத்தில்தான் வந்து இறங்கும். இங்கே நிஜப் புறாக்களே அவர் பாடத்தைப் படித்துவிட்டு வந்ததுபோல் நின்றன. அவருக்குப் புல்லரித்தது.

வியாழக்கிழமையும் முப்பது. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. ஒழுக்கமான கூட்டம்.

கிட்டே போய்ப் பார்க்கலாம்தான். அரை மைல் நடை. ஆனால் சுடப்போகும் வயலில் முன்னதாகக் கால் வைக்கக் கூடாது. கலைந்த புறா திரும்பாது. இதையும் அவர் முப்பது வருஷமாக மேஜையில் சொல்லி வருகிறார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பேச்சை எடுத்தார்.

"சனிக்கிழமை மால்ட்பி வயலுக்குப் போறேன்."

"சனிக்கிழமையா? அதெல்லாம் வேண்டாம்" என்றாள் மாவிஸ். "கூரைத் தகரக் குழாய் அடைச்சுக் கெடக்கு. நீங்க ஏணி போட்டு ஏறணும்."

"குழாய் எங்கயும் பறந்து போயிடாது."

"மழை வந்தா?"

"வந்தா ஒழுகட்டும். முப்பது புறா நிக்குது, மாவிஸ்! அதுவும் எப்படி நிக்குது தெரியுமா?"

"எப்படி நின்னா எனக்கென்ன? போகக் கூடாதுன்னா கூடாது. நான் ரெண்டு நாளா சர்ச்சுக்குப் பூ அலங்காரம்னு அலைஞ்சு களைச்சுப் போயிருக்கேன். நீங்க வீட்டுல இருந்து குழாயப் பாருங்க."

கூடாது என்று அவள் மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரத்தில் ஆர்னல்ட் போவதென்று முடிவே செய்துவிட்டார். சாவி பையில் இருக்கிறது. கனத்த ஓக் கதவு. எவன் வந்து என்ன கிழித்துவிட முடியும்?

சனிக்கிழமை விடியும்போதே வயலில் இருந்தார். வேலியோரம் வலையைக் கட்டினார். இருபத்துநாலு பிளாஸ்டிக் புறாவையும் லாட வடிவத்தில், காற்றைப் பார்த்து வைத்தார். நடுவில் இடம் விட்டார். வலைக்குள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, இரட்டைக் குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். நெல் காலடியில் சுருண்டு படுத்தது.

ஏழு மணி. ஒன்றும் வரவில்லை.

எட்டு மணி. ஒரு காகம் வந்து, ஒரு பொம்மையின் தலையைக் கொத்திப் பார்த்துவிட்டு, வலைக்குள் இருந்தவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

ஒன்பது மணிக்கு உயரத்தில் புறாக்கள் போயின. கூட்டம் கூட்டமாகப் போயின. ஒன்றுகூடக் கீழே பார்க்கவில்லை. ஆர்னல்ட் எழுந்துபோய் லாடத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார். பத்து மணிக்குக் குறுக்கினார். பதினொன்றுக்குக் காற்று திரும்பியது. இருபத்துநாலு பொம்மையையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். வைத்து முடித்து வாளியில் உட்கார்ந்ததும் காற்று பழைய திசைக்கே திரும்பியது. பன்னிரண்டு மணிக்குச் சீஸ் சாண்ட்விச்சைத் தின்றார். மாவிஸ் அன்று பெரிய பொட்டலமாகக் கட்டியிருந்தாள். இரண்டு பிளாஸ்க் தேநீர், பன்றி இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி, கேக், ராத்திரிக்கும் காணும் அளவு. கோபத்திலும் கடமை தவறாதவள் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு மழை வந்தது. இரண்டு மணிக்கு டிராக்டரில் மால்ட்பி வந்தான்.

"என்ன ஆர்னல்ட், இங்க என்ன பண்றே?"

"கத்தாதே! வர்ற நேரம்."

"யாரு வர்ற நேரம்?"

"புறாதான்யா."

"இந்த வயலுக்கா? இந்த மாசம் ஒண்ணைக்கூட நான் இங்க பாக்கல. ஊர்ப் புறா மொத்தமும் சர்ச்சுக்குப் பின்னால கடுகு வயல்ல கெடக்கு. உன் பொண்டாட்டி போன்ல உனக்கு அனுமதி கேட்டப்பவே சொன்னேனே."

"என்கிட்ட சொல்லலையே அவ. நான் புதனும் வியாழனும் முப்பது பாத்தேன்."

"பறந்துச்சா?"

"மேஞ்சுது."

"நகந்துச்சா?"

ஆர்னல்ட் கொஞ்சம் யோசித்தார். "வயிறு நெறஞ்ச பறவை எதுக்கு நகரணும்?"

மால்ட்பி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "புதன்கிழமை மாவிஸை இந்தப் பக்கம் பாத்தேன். கையில ஒரு சாக்கு."

"சர்ச்சுக்குப் பூ பறிக்க வந்திருப்பா."

"சாக்குலயா?"

"அவ எதைச் செஞ்சாலும் தாராளமாத்தான் செய்வா."

மால்ட்பி டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் தோள் குலுங்கிக்கொண்டே போனது. டிராக்டர் குலுக்கல் என்று ஆர்னல்ட் எடுத்துக்கொண்டார்.

நான்கரை மணிக்குத்தான் அதைப் பார்த்தார். வேலியின் கோடியில், பள்ளத்து ஓரத்தில், ஒரு புறா. ஒற்றைப் புறா. உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவது மரியாதையல்ல. ஆர்னல்ட் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆனால் பத்து மணி நேரம் வாளியில் உட்கார்ந்தவனுக்கு மரியாதை எங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்? ஓசைப்படாமல் நாற்பது கஜம் வரை குனிந்துபோய்ச் சுட்டார். புறா அசையவில்லை. இரண்டாவது குழலையும் சுட்டார். லேசாகச் சாய்ந்தது.

"நெல், கொண்டா!"

நெல் ஓடியது. கவ்வியது. பெருமையாக வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் பூட்ஸின் பக்கத்தில் போட்டது.

டொக்.

ஆர்னல்ட் குனிந்து எடுத்தார். மரம். கழுத்தில் வெள்ளைப் பட்டை. உடம்பெல்லாம் ரவைக் குண்டு. வயிற்றில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்.

ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷமாக அவர் ஒருவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே நம்பவில்லை. மாவிஸ் நம்பவில்லை. இதோ சாட்சி! திருட்டுப் பயல் கிளெம் இவர் பொம்மைகளை வைத்து இந்த வயலில் சுட்டிருக்கிறான், ஒன்றை விட்டுவிட்டும் போயிருக்கிறான். நாள் முழுக்க ஒரு புறா கிடைக்கவில்லை என்ற வருத்தம் எங்கோ போய்விட்டது. பொருள்களை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. கூடத்தில் இருந்த கிளெமின் கையில் திருப்புளி. வாயில் கேக்.

"திருடா!" என்றார் ஆர்னல்ட். அவனோடு ஒன்பது வருஷத்தில் பேசிய முதல் வார்த்தை. மரப்புறாவைத் தூக்கிப் பிடித்தார். "மாவிஸ்! இங்க வா! இதைப் பாரு! இப்பவாவது நம்பறியா?"

மாவிஸ் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அட, அது எங்க கெடச்சுது?"

"மால்ட்பி வயல்ல! இவன் போட்டுட்டு வந்தது!"

"அவர் இல்லீங்க, நான். அவர் கார்தான் ஓட்டினார். திரும்பப் பொறுக்கறப்ப இருட்டுல ஒண்ணு விட்டுப்போச்சு போல. சாக்கு நம்ம பரண்ல இருந்துச்சு. கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால. நீங்களே வெச்சதுதான். நான் ஆறு வருஷம் முன்னாடியே பாத்தேன்."

ஆர்னல்டின் கை தானாகக் கீழே இறங்கியது.

"ஆறு வருஷமா? ஏன் சொல்லல?"

"சொன்னா சமாதானம் ஆயிடுவீங்க. ஆயிட்டா, தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் என் அடுக்களையில உக்காந்து புறாக்கதை பேசுவீங்க. ஒருத்தர் கதையே எனக்குப் போதும்."

"எனக்கும் ஒண்ணும் வருத்தமில்லய்யா" என்றான் கிளெம், கேக்கை விழுங்கிவிட்டு. "ஒன்பது வருஷம் ரொம்ப அமைதியா இருந்துச்சு."

அப்போதுதான் ஆர்னல்டுக்குத் திருப்புளியின் ஞாபகம் வந்தது. கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி பத்திரமாக இருந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

கதவு இருந்தது. கீலோடு கழற்றி, கட்டிலை உள்ளே விட்டு, மறுபடி மாட்டியிருந்தார்கள். மாட்டும்போது பூட்டுக்குப் பதில் உள்பக்கமாக ஒரு புதுத் தாழ்ப்பாளும் வைத்திருந்தார்கள். துப்பாக்கிப் பெட்டி மாடி நடையில் நின்றது. நாற்காலியைக் காணோம். அது இருந்த இடத்தில் கட்டில். கட்டிலில் பூப்போட்ட போர்வை. போர்வையின் மேல், கையில் தேநீர்க் கோப்பையோடு, மாமியார் இல்டா. அவருக்குப் பின்னால் ஜன்னல் விளிம்பிலும் அலமாரியிலும் வரிசையாக மரப்புறாக்கள்.

"வாங்க மாப்ள. நல்லா நனைஞ்சுட்டீங்க போல" என்றார் இல்டா. ஆர்னல்டின் கையில் இருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இருபத்தொன்பதுதான் இருக்கு, ஒண்ணு கொறையுதேன்னு காலையிலேர்ந்து அந்தக் கிளெமை வஞ்சுக்கிட்டு இருக்கேன். நல்லவேளை, நீங்களே போய்ச் சுட்டுக் கொண்டாந்துட்டீங்க. அந்த ஓரத்துல வைங்க. மூஞ்சி காத்தைப் பாத்து இருக்கட்டும்."