மூன்றடுக்கு மரப்பட்டைத் துணியும் நம் பதினெட்டுப் பையன்களும்

என் கொக்கே,

நான் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை, கேட்டதாகவே வைத்துக்கொள். கோழிகள் நலம், வீடு நலம், உன் நாய் நான் கூப்பிட்டால் வருவதில்லை, மற்றபடி அதுவும் நலம். இந்த ஜூன் மாதம் மழை எட்டு மில்லிமீட்டர், அதையும் மழை என்று சொல்லிக்கொள்கிறோம். நீ மார்ச்சில் போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உனக்கு இப்போது நேரம் நிறைய இருக்குமே.

சொல்ல வேண்டியது இதுதான். நம் ஃபுட்டி, ஆஸ்திரேலியாவைத் தாண்டி எவனும் ஆடாத நம் கால்பந்து, கடல் தாண்டப்போகிறது. சிரிக்காதே. ஏப்ரலில் மெல்பர்னிலிருந்து ஜூலியன் என்று ஒரு தம்பி, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் காலணியோடு நம் வெரிங்கல் கிளப்புக்கு வந்து, சுவரில் உலகப் படத்தைக் காட்டி, "நம்ம ஆட்டத்துக்கு வெளிநாட்டுச் சந்தையைத் திறக்கணும்" என்றான். தலைவர் டெஸ், "சந்தைன்னு சொன்னாலே எங்க ஊர் ஆடுகூட நடுங்கும் தம்பி, பாத்துப் பேசு" என்றார். டோங்கா தீவிலிருந்து ஓர் அணி வரும், நம்மோடு ஓர் ஆட்டம் ஆடும், நம் வீடுகளில் தங்கும், அவர்களுக்குப் பிடித்துப்போனால் அந்தத் தீவு முழுக்க ஃபுட்டி பரவும் என்றான் ஜூலியன். "எங்களுக்கே பதினெட்டுப் பேர் தேறல, போன வாரம் பாதிரியாரை இறக்கினோம், அவரும் ஒருத்தன் கைய முறுக்கிட்டார்" என்று டெஸ் சொன்னது அவன் காதில் விழவில்லை, அவன் அடுத்த படத்துக்குப் போய்விட்டான்.

கூட்டம் முடிந்ததும் டெஸ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். எதற்கென்று உனக்குத் தெரியும். ஆட்டம் தொடங்கும்போது பையன்கள் கிழித்துக்கொண்டு ஓடிவரும் காகித பேனரை முப்பத்தொரு வருஷமாக நான்தானே செய்தேன், மூன்று நாள் ஒட்டுவோம், ஒரு நொடியில் போய்விடும், நீ கோல் கம்பத்தடியில் கோல் நடுவரின் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று காகிதத் துண்டு பொறுக்குவாய். மார்ச்சுக்குப் பிறகு நான் செய்யவில்லை. ஒட்டுநாடாவை எடுத்தாலே, எல்லாம் கிழியத்தானே ஒட்டுகிறோம் என்று தோன்றி விரல் மரத்துவிடும். பையன்கள் இந்த வருஷம் வெறும் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் ஓடிவருகிறார்கள். "விருந்தாளி வராங்க நொலீன், இந்த ஒரு தடவை" என்றார் டெஸ். "முடியாது டெஸ்" என்றேன். அவர் தேநீர்கூடக் குடிக்காமல் போனார்.

அவர்கள் வந்தார்கள். பேருந்திலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க, பேருந்து ஒரு சாண் உயர்ந்தது, நான் கண்ணால் பார்த்தேன். நம் ஊர் வாசல் நிலைகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தாங்கள் எவ்வளவு குள்ளம் என்று தெரிந்திருக்கும். அவர்கள் கேப்டனின் அம்மா லவீனியா நம் வீட்டில் தங்கினாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வந்த ஐந்தாவது நிமிஷத்திலிருந்து அக்கா. சாப்பிடும் முன் அவளும் மூன்று பெண்களும் நம் சமையலறையில் நின்று பாடினார்கள் பார், கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன, அடுப்பில் கெட்டில் ஒன்று மட்டும் பேசிக்கொண்டிருந்த வீடு, நான் உருளைக்கிழங்குக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். மறுநாள் அவளைக் கறிக்கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? நாய்க்குப் போடுவோமே, ஆட்டு வயிற்றோரக் கொழுப்புக் கறி, அது. கடைக்காரர் என்னைத் தனியே இழுத்து, "நொலீன், விருந்தாளிக்கு நாய்த் தீனியக் குடுத்துட்டேன்னு நாளைக்கு ஊர் பேசும்" என்றார். "குடுய்யா, அவங்க ஊர்ல திருவிழாவுக்கு அதுதானாம்" என்றேன். அவள் அதைத் தேங்காய்ப்பாலில் மூன்று மணி நேரம் வேகவைத்தாள். நாற்பத்தாறு வருஷமாக நம் நாய் நம்மைவிட நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது, கொக்கே.

பேனர் இல்லை என்பதை நான்தான் அவளிடம் சொன்னேன், வெட்கத்தோடு. அவள் என் முதுகில் ஓர் அறை அறைந்து, "அட அக்கா, அத நாங்க கொண்டாந்திருக்கோம்!" என்றாள். பேருந்திலிருந்து இறக்கிப் போட்டிருந்த ஒரு சுருளை எட்டு ஆள் சேர்ந்து தூக்கிவந்தார்கள். நம் ஆட்கள் அதைக் கூடாரம் என்று நினைத்து இரண்டு நாளாக அதன் மேல் உட்கார்ந்து பீர் குடித்திருக்கிறார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் விரித்தால், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை போகிறது. மரப்பட்டை, கொக்கே. மரத்தை உரித்து, ஊறவைத்து, கட்டையால் அடித்து அடித்து அகலமாக்கி, கிழங்குப் பசையால் ஒட்டி, பழுப்பும் கறுப்புமாக விளிம்பெல்லாம் கோலம் எழுதி, நடுவில் நம் கிளப்பின் சின்னம், பெலிகன் பறவை. நம் ஏரி வற்றி இருபது வருஷம் ஆகிறது, அவர்கள் பெலிகனின் அலகு நிறைய மீன் வரைந்திருந்தார்கள். ஐம்பது பெண்கள், ஆறு வாரம். நான் குனிந்து விரலால் தொட்டேன், உடனே கையை எடுத்துவிட்டேன். தேவாலயத்தில் சின்ன வயதில் மெழுகுவர்த்தியைத் தொட்டபோது எடுத்த மாதிரி.

"இவ்ளோ கெட்டியா ஏன் செஞ்சீங்க?" என்றேன்.

"ஜூலியன் ஒரு வீடியோ அனுப்பிச்சாரு. உங்க பசங்க பேனரைக் கிழிச்சிக்கிட்டு வராங்க, சனம் கத்துது. பலத்தக் காட்டத்தான் கிழிக்கிறாங்கன்னு நினைச்சோம். மெல்லிசா செஞ்சா உங்க வீரனுங்கள அவமானப்படுத்தின மாதிரி இருக்குமேன்னு மூணு அடுக்கு வச்சோம்."

"அது காகிதம் லவீனியா. பிறந்தநாளுக்குத் தோரணம் கட்டுவோமே, அந்தக் காகிதம்."

அவள் அந்தத் துணி மேலேயே விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததில் கொட்டகைப் புறாக்கள் பறந்தன.

ஆனாலும் கிழிக்கத்தான் வேண்டும் என்றாள். கிழிப்பதற்காகவே செய்தது, கிழிக்காமல் திருப்பிக் கொண்டுபோனால் ஐம்பது பெண்களுக்கும் என்ன பதில் சொல்வது? டெஸ்ஸும் அதையேதான் சொன்னார். நம் கேப்டன் கேடன் மட்டும், ஒரு நாளைக்கு இருநூறு ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற பையன், என் பக்கம் குனிந்து, "ஆன்ட்டி நொல், நான் வேணா சுத்திப் போயிடவா?" என்றான். "போடா கண்ணு, சுத்திப் போ" என்றேன். "சுத்திப் போனா அவங்களுக்கு என்ன மரியாதை?" என்று டெஸ் கத்தினார். அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆறு வார வேலையை ஒரு நொடியில் கிழிப்பதை நான் பார்க்க மாட்டேன், கிளப்பே மூடினாலும் சரி, அந்தத் தீவுக்கு ஃபுட்டியே போகாவிட்டாலும் சரி.

சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றி அறுபது கார். டோங்காப் பையன்கள் பன்னிரண்டு பேர் பேனரைத் தூக்கிப் பிடித்தார்கள், காற்றில் அது கப்பல் பாய் மாதிரி உப்பியது. கேடன் என்னை ஒரு பார்வை பார்த்தான், டெஸ்ஸை ஒரு பார்வை பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு ஓடினான். துணி அவனை உள்ளே வாங்கி, ஒரு நொடி யோசித்து, அப்படியே திருப்பிக் கொடுத்தது. பின்னால் வந்த பதினேழு பேரும் அவன் மேல். கோல் விழுந்தால் ஹாரன் அடிப்போமே, என்ன விழுந்தது என்று தெரியாமல் அறுபது காரும் அலறின. "தோளக் குடு, தோளக் குடு!" என்று டோங்காக்காரர்களே சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவையும் குவியல். மூன்றாம் தடவையில் கேடனின் பொய்ப்பல் பெலிகனின் அலகில் பதிந்து, மீன்களோடு மீனாக நின்றது. துணியில் ஒரு கீறல் இல்லை. பாதிரியார் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது லவீனியா கேன்டீனிலிருந்து ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்தாள். என் கையில் வைத்தாள். "அக்கா, நீங்க ஒரு வெட்டு போடுங்க. மிச்சத்தப் பசங்க பாத்துப்பாங்க."

ஊரே பார்க்கிறது. "என்னால முடியாது" என்றேன்.

"ஏன்?"

"முழுசா இருக்கிற ஒண்ண நான் இந்த வருஷம் வேற எங்கயும் பாக்கல."

அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். "கிளெம் அண்ணன் போனப்போ என்ன விரிச்சீங்க?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள்.

"விரிக்கிறதா? சாண்ட்விச் குடுத்தோம். முட்டை சாண்ட்விச், நூத்தியெண்பது."

"கீழ ஒண்ணுமே விரிக்காமயா அனுப்புனீங்க!" அவள் வாயில் கை வைத்தாள். அவர்கள் ஊரில் இந்தத் துணிதான் சாவுக்கு விரிப்பதாம், மிஞ்சி நிற்கிறவர்களுக்குத் தருவதாம். திரும்பித் தன் பாஷையில் ஏதோ சொன்னாள். பன்னிரண்டு பேரும் துணியைப் புல்லில் இறக்கி, நீ நிற்கும் கம்பத்தடியைப் பார்த்து நீளமாக விரித்தார்கள். அவள் மண்டியிட்டு என் காலணியை அவள் கையாலேயே கழற்றினாள், என் காலுறையில் ஓட்டை. நான் நடந்தேன். பின்னால் இரண்டு அணியும் வெறுங்காலோடு, நடுவர்களும் வெறுங்காலோடு, பளபளப்புக் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜூலியனும். அவர்கள் பாடினார்கள். ஒரு ஹாரன் இல்லை. அங்கேதான் அழுதேன். மார்ச்சில் நேரமில்லை, தட்டுக் கழுவ வேண்டியிருந்தது.

ஆட்டமா? அவர்கள் தொண்ணூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆனால் லவீனியாவின் மகன் உதைத்த பந்து கோலைத் தவறி ஓரத்தில் போனபோதும் ஒரு புள்ளி உண்டு என்று தெரிந்ததும் அவள் எழுந்து நின்று, "தப்பா அடிச்சாலும் ஒண்ணு குடுப்பீங்களா? இப்படி ஒரு ஆட்டம் இருக்குன்னு இவ்ளோ நாள் யாருமே சொல்லலையே!" என்றாள். அந்தத் தீவில் ஃபுட்டி பரவிவிடும், எனக்குச் சந்தேகமில்லை. பேனர் மேல் வெறுங்காலோடு நடப்பது ஃபுட்டியின் பழைய வழக்கம் என்று ஜூலியன் அறிக்கையில் எழுதி, இன்னும் ஆறு நாட்டுக்கு அனுப்பிவிட்டானாம்.

துணி இப்போது நம் வீட்டில். கூடம், நடை, படுக்கையறை எல்லாம் போக மிச்சம் கோழிக்கூடு வரை வருகிறது. கேடனை அவன் பல்லைக்கூட எடுக்க நான் விடவில்லை. டெஸ் கிளப்பில் மாட்ட ஒரு துண்டு கேட்டார், வாசலோடு அனுப்பினேன். நான் இருக்கும் வரை இதில் கத்தரி படாது, ஓர் அங்குலம் யாருக்கும் கிடையாது. பேனர் வேலையும் எனக்கு முடிந்தது. இது சத்தியம்.

உன்னோடு இருக்கும் என் அம்மாவுக்கு என் அன்பு, அவளிடம் வாயைக் கொடுக்காதே. உன் அண்ணனையும் விசாரித்ததாகச் சொல். டெஸ் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், சொன்ன பிறகு காது சிவந்து போய்விட்டார். கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும், நீயும் அவரை நச்சரிக்காமல் இரு.

உன்
நொலீன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் லவீனியா தொலைபேசியில் கூப்பிட்டாள். "இன்னுமா முழுசா வச்சிருக்கீங்க? வெட்டிப் பங்கு வைக்கத்தான் அக்கா அது. நாலு பேருக்குக் குடுக்கலன்னா வெறும் மரப்பட்டை" என்றாள். சண்டை போட்டேன். வைத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். டெஸ்ஸுக்குக் கிளப் சுவர் அளவுக்கு, கேடனுக்குப் பல்லோடு சேர்த்து, பாதிரியாருக்கு, கறிக்கடைக்கு, தெருவில் எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. அக்டோபரில் டோங்காவுக்குப் போய் அவர்களுக்குக் காகித பேனர் ஒட்டக் கற்றுத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன், வாய் தவறி. கடைசித் துண்டு இன்னும் தரையில் கிடக்கிறது, அது உன்னுடையது. தகனக்காரர்கள் தந்த பெட்டியில் நீ சாம்பலாக அலமாரி மேல்தட்டில் இருக்கிறாய், இனி அப்படித் துணி எதுவும் சுற்றாமல் இருக்கக் கூடாது. கத்தரிக்கோல் கையில்தான் இருக்கிறது, கொக்கே. உன் ஆறடி நாலங்குலத்துக்கு வெட்டவா, அந்தப் பெட்டி அளவுக்கு வெட்டவா?